நடைபெற்று வருகிறது

— தலைவரம்மா, மணி நாலரை. அஞ்சு மணியோட மேலிடத்துல கெடு முடிஞ்சிடும். பஞ்சாயத்து ஆண்டறிக்கையில கையெழுத்த மட்டும் போடுங்க, அனுப்பிடறேன்.

— இருங்க கிளார்க் சார், படிச்சிட்டுப் போடறேன்.

— இதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க? பழைய தலைவர் பேப்பரத் திருப்பிக்கூடப் பாக்கமாட்டாரு. தங்கமான மனுஷன்!

— அந்தத் தங்கம் இருந்தப்போ ஒரு வருஷமாவது அறிக்கை நேரத்துக்குப் போச்சா?

— அத விடுங்க.

— இங்க பாருங்க, பதினோராவது வரி. 'பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை: பணி நடைபெற்று வருகிறது.' எங்க சார் நடக்குது?

— அது ஒரு பேச்சுக்கு எழுதறதும்மா. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எழுதினது. பதினேழு வருஷமா அப்படியே எடுத்துப் போட்டுட்டு வர்றேன்.

— காலையில போய்ப் பாத்தேன். நாலு மூலைக்கு நாலு கல்லு. அதுமேல ஒரு ஓணான். அது ஒண்ணுதான் அங்க நடந்துக்கிட்டிருக்கு.

— தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க ஏழாவதோட நின்னவங்க. ஆபீஸ் பாஷை உங்களுக்குப் புதுசு.

— அழிங்க. 'செய்யவில்லை'ன்னு அடிங்க.

— ஐயய்யோ! நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறதா? உங்க பதவியும் போயிடும், என் வேலையும் போயிடும்.

— போனாப் போகட்டும். நேரத்துக்கும் போகணும், நெசமாவும் போகணும். அடிங்க சார்.

— அடிச்சாச்சு. இங்க கையெழுத்துப் போடுங்க... நாலு அம்பத்தி மூணு. போயிடுச்சும்மா.

— தண்ணி குடிங்க. அட, ஃபோன் அடிக்குது.

— மேலதிகாரி! நான் அப்பவே சொன்னேன்... வணக்கம் சார்... ஆமா சார், நான்தான் அடிச்சேன்... அப்படியா சார்?... சரிங்க சார்! சரிங்க சார்!

— என்னவாம்? ரெண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரா?

— அம்மா! முப்பது ஊர்ல இதுவரைக்கும் போய்ச் சேர்ந்தது நம்ம அறிக்கை ஒண்ணுதானாம்! 'நடைபெற்று வருகிறது'ன்னு இருந்ததால, வேலை ஓடுதுன்னு நம்பி இத்தனை வருஷமா புது உத்தரவே போடலையாம். இப்பப் போடறாராம். திங்கட்கிழமை இன்ஜினியர் வர்றாரு!

— ஜெயிச்சிட்டோம் சார்!

— நீங்க ஜெயிச்சீங்க. பதினேழு வருஷமா வழிய மறிச்சுக்கிட்டு இருந்தது என் ஒரு வரிதான். வெக்கமா இருக்கும்மா.

— அத அழிச்சதும் உங்க விரல்தான். கண்ணத் தொடைங்க, இன்ஜினியருக்கு இடம் காட்டணும்.

— ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாப்பது வரி இருக்கற அறிக்கையில, எப்படி நேரா அந்த ஒரு வரியில போய் நின்னீங்க?

— நான் ஏழாவதோட நின்னதே அந்த வரியிலதானே சார்.