பீலியில் சுடுதண்ணீர்

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை இருந்தது.

"அக்கா, நம்ம லயத்துப் பீலியில தண்ணி சுடுது." தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மலையூற்று நீர் கொண்டுவரும் பொதுக்குழாயைத்தான் இளையவள் சொன்னாள்.

மூத்தவள் சிரித்தாள். "அப்படியா? நான் நேத்து தங்கச்சி வீட்டுல தங்கிட்டேன், தெரியாது. இந்தக் குளிருக்கு நல்லதுதானே?"

"வெளையாட்டு இல்லக்கா. நேத்து வரைக்கும் கலங்கலா வந்துச்சு. இன்னைக்குச் சுடுது, தீக்குச்சி கரிஞ்ச மாதிரி வாடை. தரையும் லேசா அதிர்ந்துச்சு, அடுப்படியில கோப்பையெல்லாம் கிலுகிலுன்னு ஆடுச்சு. மாடு பட்டிக்குள்ள போகவே மாட்டேங்குது. அதான் புள்ளையத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன்."

"ஒன் வீட்டுக்காரரு?"

"பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கிறாரு."

மூத்தவள் அவள் பக்கம் சாய்ந்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"மத்தவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன்கா, யாரு கேக்குறா? சுடுதண்ணி வருதுன்னு எல்லாரும் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க. உங்க சின்னவளும் பீலிக்குக் கீழதான் நின்னா."

மூத்தவள் எழுந்துவிட்டாள். "தம்பி, பஸ்ஸ நிப்பாட்டுங்க!"

பஸ் நின்றதும் பையைக்கூட எடுக்காமல் இறங்கி, பனிமூட்டத்துக்குள் வந்த வழியே ஓடினாள்.