இனாமாகக் கொடுத்த டெஸ்டர்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் முத்துச்சாமி அண்ணன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கன்னிவாடியிலிருந்தும் செம்பட்டியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மின் ஒப்பந்தக்காரர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கை புஷ்பமேரியே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் அறிவுச்செல்வி. திண்டுக்கல்லில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவள். நம் சங்கத் துணைத்தலைவர், புஷ்பமேரியின் கணவர், அன்புத் தம்பி ராயப்பராஜ் மின்சாரம் தாக்கி மறைந்து இன்றோடு பதினெட்டு நாள். எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் நல்லவர், வல்லவர் என்றீர்கள். ஆனால் இந்த மண்டப வாசலில் டீ குடிக்கும்போது என்ன பேசினீர்கள்? "ஊருக்கெல்லாம் சொன்னாரு, கடைசியில அவரே அசால்ட்டா இருந்துட்டாரே!" என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சை ஒழிக்கத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அசால்ட்டா? யார், ராயப்பராஜா?

உங்களில் யார் புதிதாகத் தொழில் தொடங்கினாலும், சாமான் வாங்க என் கடைக்குக் கூடவே வந்தவர் யார்? ராயப்பராஜ்! உங்கள் லிஸ்டைப் பிடுங்கி வரிவரியாகப் படித்தவர் யார்? ராயப்பராஜ்! அந்த லிஸ்ட் இருக்கிறதே, இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் பெரிய டிரில் மெஷின். அடுத்து சுவர் அறுக்கிற கட்டர். இரண்டுக்கும் மாலை போட்டு வாட்ஸ்அப்பில் படம் போட வேண்டுமே! ரப்பர் கிளவுஸ்? "அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்க்கா." நல்ல மீட்டர், நல்ல டெஸ்டர்? "அதான் டெஸ்டரு நீங்க தருவீங்களே!" பதினைந்து வருடமாக இதே பாட்டு.

ரோஷன் இங்கேதான் இருக்கிறார். ஏம்ப்பா ரோஷன், ஞாபகம் இருக்கிறதா? உன் கையிலிருந்த டிரில்லை வாங்கித் திரும்ப ஷெல்ஃபில் வைத்தார். "ஏலே, டிரில்லு வாடகைக்குக் கெடைக்கும். கை வாடகைக்குக் கெடைக்குமா? மொதல்ல கிளவுஸு, அப்புறம் மீட்டரு. மிச்சமெல்லாம் மெல்ல வாங்கலாம்." நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய். நானும்தான். டிரில் விற்றால்தானே எனக்கு வியாபாரம்!

என்னோடு சண்டை போடாமலா இருந்தார்? தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கடைப் பெயர் அச்சடித்த டெஸ்டர் ஒன்றை இனாமாகக் கொடுப்பது என் வழக்கம். உங்கள் சட்டைப் பையில் எல்லாம் அது இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. "யக்கா, இத நிப்பாட்டுங்க. இனாமா ஒண்ணு கைக்கு வந்துட்டா எவன் நல்லதா வாங்குவான்?" என்றார். ஒரு தடவையா, இரண்டு தடவையா! "விளம்பரத்துக்குத்தானப்பா, விடு" என்று சிரித்தேன். கேட்கவில்லையே! நான் கேட்கவில்லையே!

அன்றைக்கு நடந்தது இதுதான். சின்னாளப்பட்டியில் அவர் நண்பர் ஸ்டான்லி வீட்டில், பிள்ளை கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை விருந்து. மோட்டார் ஓடவில்லை. கை கழுவத் தண்ணீர் இல்லை. விருந்துக்குப் போகிறவர் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டா போவார்? "இலையப் போடுங்க, செத்த நேரத்துல வாரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். முன்பு வயரிங் செய்தவர் விட்டுப்போன டெஸ்டர் ஒன்று அந்த வீட்டில் கிடந்தது. அதை வாங்கி, அதன் விளக்கு எரிகிறதா என்று முதலில் சமையலறை பிளக்கில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. மெயினை அணைத்தார். மோட்டார் வயரில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. அப்புறம்தான் தொட்டார். அந்த மோட்டாருக்கு, மெயின் வழியாக வராமல், எவனோ தனியாக ஒரு லைன் இழுத்து வைத்திருந்தது, போன வருடம் வீட்டை வாங்கிய ஸ்டான்லிக்கே தெரியாது.

சொல்லுங்கள், இதில் எங்கே இருக்கிறது அசால்ட்டு? அவர் எதைச் செய்யாமல் விட்டார்?

நான்காம் நாள் ஸ்டான்லி அந்த டெஸ்டரை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் என் கடைப் பெயர். கடை பிளக்கில் பத்து முறை வைத்துப் பார்த்தேன். நான்கு முறை எரிந்தது. ஆறு முறை எரியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன பிரயோசனம்?

தலைவர் அவர்களே, சபையோரே! நாளை முதல் என் கடையில் இனாம் டெஸ்டர் கிடையாது. இதுவரை வாங்கியவர்கள் எல்லாம் கொண்டுவந்து போடுங்கள், உங்கள் கண்முன்னாலேயே உடைக்கிறேன். கிளவுஸும் மீட்டரும் எடுக்காமல் புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் டிரில் தரமாட்டேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவீர்களா? தாராளமாகப் போங்கள்! அந்தக் கடை வாசலிலும் வந்து நின்று கத்துவேன். ராயப்பராஜ் செய்த வேலை நிற்காது.

புஷ்பமேரி! போன வாரம் உன் வீட்டுக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு எதுலக்கா தப்பு விட்டாரு?" என்று கேட்டாய். எல்லாம் தெரிந்தும், பதில் சொல்லத் தைரியம் இல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை பேர் முன்னால் இப்போது சொல்கிறேன். அவர் எதிலும் தப்பு விடவில்லை. நான் கொடுத்த டெஸ்டரை நம்பினார், அவ்வளவுதான். உன் பிள்ளைகளிடம் இதைச் சொல்லு தங்கச்சி. என் பெயரைச் சொல்லியே சொல்லு.