எடுத்து வைத்த தரைக்கல்

மாலை ஐந்தே முக்கால் மணி. வனப் பூங்காவுக்குள் கடலை நோக்கிப் போகும் மண்சாலை... ஈ காக்காய் இல்லை. இது என் நண்பனுடைய சித்திக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

சித்தப்பா டைல்ஸ் போடுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்து, அன்றுதான் சித்தி அவரை ஒரு இடத்துக்குக் கிளப்பியிருந்தார். அந்தச் சாலை முடிவில், கடலோரத்தில் தோண்டியெடுத்த பழங்காலத்து ஊர். அங்கேயும் மனுஷர் கடலைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். ஒரு வீட்டுத் தரையில் ஒரே ஒரு கல் மட்டும் பெயர்த்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கை பரபரத்தது.

"இங்க வந்தும் இதே வேலைதானா? ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவாங்க!" சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு நிமிஷம் இரு."

கல்லைக் குழியில் இறக்கி, சுற்றிலும் மணலை அடைத்து இறுக்கினார். அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். வழக்கம்போல் விரல் முட்டியால் தட்டினார். டொக்... டொக்.

அடியிலிருந்தும்... டொக். டொக்.

ஓடி வந்தார்கள். கேட்டில் காவலாளி கேட்டது ஒன்றுதான். "எதையும் தொடலையே?"

"இல்லையே" என்றார் சித்தப்பா, வாய் கூசாமல்.

அன்றிலிருந்து வீட்டில் சித்தி எங்கே கால் வைத்தாலும் நேர் கீழே அந்தச் சத்தம். கூடவே ஈர மணல் வாடை. சித்தப்பா நடந்தால் ஒன்றுமில்லை. செய்தது அவர், அனுபவிப்பது நானா? சித்திக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை.

"போய் அந்தக் கல்லைப் பழையபடி பேத்து ஓரமா எடுத்து வெச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் வீட்டுக்குள்ள வராதீங்க!"

அவரும் உளியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் போன் வந்தது.

"எது அந்தக் கல்லுனே தெரியல. எல்லாத்தையும் தட்டிட்டேன்... எல்லாமே திருப்பித் தட்டுது."

அந்த நிமிஷம் வீட்டில் சத்தம் நின்றது. சித்தி சந்தோஷத்தில் கத்தினார். "நின்னுடுச்சுங்க! கெளம்பி வாங்க!"

அவர் வரவில்லை.

மறுநாள் அவருடைய செருப்பும் பையும் அந்தப் பழங்காலத்து வீட்டுத் தரையில் கிடைத்தன. ஒரு கல் மட்டும் பெயர்த்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. குழியில் வெறும் மணல். ஆள் உயரத்துக்குத் தோண்டியும் வெறும் மணல்.

சித்தி இப்போதெல்லாம் கட்டிலில் படுப்பதே இல்லை. தரையில் காதை வைத்துப் படுத்துத் தட்டுகிறார். பதில் வருகிறதாம்.

வரவர மெதுவாக.