தரையில் தட்டிய தடி

நான் வாடகைக்கு இருந்த றெமிஜியஸ் அண்ணையின் பேஸ்மென்றைவிட நல்ல இடம் வெக்ஸ்போர்ட்டில் கிடைக்காது. வெயில்தான் வராது. கணினியில் இசை செய்கிறவனுக்கு வெயில் எதற்கு? மேல்தளத்தில் அவர் தனியாக இருந்தார். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு கையில் ஊன்றுதடி. என் ஸ்பீக்கர் அதிகம் இடித்தால் அந்தத் தடியால் தரையில் தட்டுவார், நான் குறைத்துவிடுவேன். மறுநாள் கண்டால், "வாகீசன், நெஞ்சுக்குள்ள இடிக்குது ராசா," என்று சிரிப்பார். கோபமே வராத மனிதர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்வது கிக். ஆட்டப் பாட்டுகளுக்கு அடியில் டும் டும் என்று விழுகிறதே, அது. யாரும் மேளம் அடிப்பதில்லை. கணினியில் ஓர் ஒலியை உயரத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே விழவைக்க வேண்டும். அது அந்தச் சத்தத்தின் வயிறு. அதற்கு முன்னால் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு 'டக்' வேண்டும். அது இல்லாவிட்டால் நனைந்த மாமூட்டை விழுந்தது போலிருக்கும். என்னுடையது மாதக்கணக்காக மாமூட்டையாகவே விழுந்தது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கணினியைக் குறை சொல்லவில்லை. எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். இதையும் விட்டால் என்னிடம் வேறொன்றும் இல்லை.

அன்று ஞாயிறு மத்தியானம். மேலே ஏதோ கனமாக விழுந்தது. பிறகு தட்டல். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்ததாகப் போன வருசம் உங்கள் பொலிஸ் ஆட்களிடம் சொன்னேன். அது பொய். ஸ்பீக்கர் நிறுத்தியிருந்தது, நான் ஹெட்போன் போட்டிருந்தேன். ஹெட்போனையும் தாண்டி வந்தது அந்த 'டக்'. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மைக்கை சீலிங்கோடு சேர்த்து ஒட்டினேன். தட்டல் அருமையாகப் பதிந்தது. ஆனால் மேலே பிறிஜ் உறுமிக்கொண்டிருந்தது, அந்த உறுமல் எல்லாவற்றையும் கெடுத்தது.

அதனால் மேலே போனேன். குசினித் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கண்டதும் கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "வந்திட்டியே ராசா," என்று குழறினார். நான் பிறிஜின் வயரைப் பிடுங்கினேன். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்று மரியாதையாகத்தான் சொன்னேன். பிறகு கீழே இறங்கினேன்.

அம்புலன்சுக்குப் போன் அடிக்கப் போகிறேன் என்று நம்பியிருப்பார். கொஞ்ச நேரம் தட்டவில்லை. களைப்பு ஆறட்டும் என்று நானும் காத்திருந்தேன். பிறகு, இருந்த பலமெல்லாம் சேர்த்து ஓர் அடி. அதுதான் நான் தேடியது. அதற்குப் பின் வந்தவை மெலிந்தவை, ஒன்றுக்கும் உதவாது. ஆனாலும் அவை நிற்கும்வரை பதிவை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

பின்னேரம் அவருடைய மகள் அன்ரனெற் வந்தபோது, பிறிஜுக்குள் இருந்த மீனின் ஐஸ் கரைந்து தரையெல்லாம் தண்ணீராம். வயரை யார் பிடுங்கினது என்று அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். இன்று நீங்களும் கேட்கிறீர்கள். நான்தான். பிழைக்கக்கூடிய மனிதரைச் சாகவிட்டதும் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் கொலை என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அடி இப்போது எல்லாக் கலியாண மண்டபங்களிலும் விழுகிறது. அண்ணையின் ஆண்டுப் பூசை முடிந்தபின், போன மாதம் அன்ரனெற்றும் ஒரு கலியாணத்துக்கு வந்திருந்தாள். அந்த அடியை வைத்து நான் செய்த பாட்டைப் போட்டார்கள். அவள் எழும்பி ஆடினாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கொலைச் சத்தமென்றால் பெற்ற மகளுக்குக் கேட்டிருக்காதா?