ஒரே பேரைத் தேடிய மெஷின்

ஆவடி பஸ்ஸில் என் முன் இருக்கையில் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு இருவர் இருந்தார்கள், ஒருவர் தாடிக்காரர், மற்றவர் கண்ணாடிக்காரர். அவர்கள் புகழ்ந்துகொண்டிருந்த, அவர்கள் ஆபீஸில் வேலை செய்யும் ரேவதி அங்கே இல்லை.

“நம்ம மெஷின் குமாருன்ற பேரை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சுகினு இருந்துச்சு மாமே,” என்றார் தாடிக்காரர். அதன்பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“நாம செஞ்ச டேட்டாபேஸை நாமளே டெஸ்ட் பண்ணா இப்டித்தான்,” என்றார் கண்ணாடிக்காரர். “தினம் குமாரையே தேடினோம். டக்குனு வந்துச்சு.”

“ஆஸ்பத்திரில கொண்டு போய் வச்சா, பேஷண்ட் ஆளுக்கு ஒரு பேரு. ஒவ்வொண்ணுக்கும் டிஸ்க்குக்கு ஓடி ஓடித் தேடி, ஆமை மாதிரி வந்துச்சு. திங்கக்கிழமைக்குள்ள சரியாவலன்னா எடுத்துகினு போங்கன்னுட்டாங்க.”

“ரேவதி இன்னா பண்ணுச்சு?”

“மெஷினை அணைச்சுப் போட்டு, நூறு பேரை ரெண்டு ரெண்டு தபா தேடுச்சு. ரெண்டாவது தபாவும் டிஸ்க்குக்கே போச்சு. தேடுன பேரைக் கைக்கிட்ட வச்சுக்கற கேஷ் மெமரிக்கு நாம உட்ட எடம் ஒரு டம்ளர் அளவு, எதுவும் தங்கலன்னு சொல்லுச்சு. அந்த எடத்தைப் பெருசாக்க ப்ரோக்ராம்ல ஒரே ஒரு வரியை மாத்துச்சு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். இன்னிக்கு ஆஸ்பத்திரில கியூவே நிக்கல. இன்னா மூளைடா அது.”

“புது டிஸ்க் வாங்காம முடியாதுன்னு ரேவதிகிட்ட பந்தயம் கட்டினியே. இன்னா செலவாச்சு?”

பஸ் பாடி மேம்பாலத்தில் ஏற, தாடிக்காரர் பர்ஸைத் திறந்து பார்த்தார்.

“மட்டன் பிரியாணி. இருநூத்தி இருவது ரூபா.”