மூன்றாவது உபசாரம்

டீயில் சர்க்கரையைக் கலக்கிக் குடிப்பது எனக்குப் பிடிக்காது. கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். கிளீவ்லாந்துக்கு வந்து தலை நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் ஆய்வகத்தில் அப்படிக் குடிக்கிற இன்னொருவன் காம்யார் மட்டும்தான்.

எங்கள் ஈரானின் ஷீராஸிலிருந்து அவனை வரவழைத்தவன் நான். அவனுடைய விசா வருடாவருடம் என் கையெழுத்தில்தான் நீண்டது. ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்களோ என்ற பயத்தில் தாயைப் பார்க்கவே அவன் போகவில்லை. அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அது அடியோடு போவதற்குள் ஒருமுறை எதிரே போய் நிற்க வேண்டும் என்பான்.

பெரிய திறமைசாலிகள் யார் தயவும் இல்லாமல் தாங்களே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. டீ குடிக்கையில் நானே அதைச் சொன்னேன்.

"எத்தனை நாளைக்குப்பா என் கையைப் பார்த்துக்கிட்டு நிப்ப? நீயே போட்டுடு."

"என்ன சார் இது? உங்க நிழல்லயே இருந்துடறேன்."

"அட, சும்மா போடுப்பா."

"உங்களை விட்டுட்டு எனக்கு எதுக்கு சார் கார்டு?"

எங்கள் உபசாரம் இப்படித்தான். எங்கள் ஊரில் டாக்சிக்காரர்கூட முதலில் காசு வேண்டாம் என்பார். அதை நம்பி இறங்கிப் போகிறவன் மனிதனே இல்லை.

போன திங்கட்கிழமை காம்யார் இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

"கார்டு வந்துடுச்சு சார். முதல்ல அம்மாவைப் பார்த்துட்டு வரேன். அப்புறம் பாஸ்டன்ல வேலை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?"

முதுகில் குத்திவிட்டான். வேறெப்படிச் சொல்வது? பிஸ்தா வைத்த இனிப்பு ஒன்றை எடுத்துத் தின்றேன். நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை, "போறதுக்கு முன்னாடி உள்ளறை சிலிண்டரை மட்டும் மாத்திக் குடுத்துடுப்பா" என்றேன். நான் கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கசிந்தால் எச்சரிக்கை மணிதான் சொல்லும். அன்று காலை அந்த மணியை அணைத்தவன் நான். குழாய் இணைப்பைத் தளர்த்தி வைத்தவனும் நான். கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அவன் விழுந்தது கேட்டது. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் உங்களை அழைத்தேன்.

அவன் தாய்க்கும் நானே தகவல் சொன்னேன். இத்தனை நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார்.

ஆபீசர், நீங்கள் இந்த நாட்டுக்காரர், ஒன்றை விளக்கிவிடுகிறேன். எங்கள் வழக்கத்தில் முதல் இரண்டு முறை சொல்வது ஒப்புக்கு. மூன்றாவது முறை சொன்னால் அது நிஜம். அன்று அவன் இரண்டு முறை மறுத்தான். "மனசாரச் சொல்றேன், போடு" என்று மூன்றாவது முறையும் நான் சொன்னேன். கண் கலங்கி என் கையை முத்தமிட்டான்.

அப்போதும் மறுத்திருக்க வேண்டும். நல்ல குடும்பத்துப் பிள்ளை மறுத்திருப்பான்.