இரண்டு மணிக்கு மாறும் காவல்

இப்போது இரவு மணி ஒன்றரை. தார் ரோட்டை விட்டு இறங்கினால் இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. வழியில் ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது... பாதை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. பின்கதவைத் திறந்தால் ஐம்பது அடி தள்ளி ஆட்டுப்பட்டி. என்னோடு பட்டறையில் வேலை பார்க்கிற வெல்டர் இருக்கிறானே, அவனுடைய அக்கா வீடு அது. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே அவனுக்கு மூச்சு வாங்கும். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பட்டியில் நாற்பது செம்மறி ஆடுகள். பாதிக்கு மேல் சினை. முதலில் வந்தவை நாய்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஏழெட்டு நாய்கள். ஒரே இரவில் மூன்று ஆடுகளின் குரல்வளையைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயின. தின்னக்கூட இல்லை... சும்மா கடித்துப் போட்டிருந்தன. அவை நுழைந்த ஓட்டையை அடைத்த வாரமே மனிதர்கள் வந்தார்கள். வேலிக் கம்பியை வெட்டி இரண்டு ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புகார் கொடுத்தபின் பார்க்க வந்த போலீஸ்காரர், வெட்டுப்பட்ட கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல நாயா ஒண்ணு வாங்கி வளருங்க" என்றார். வளர்த்தார்கள். நான்காம் நாள் அந்த நாயும் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

பிறகு அக்காவும் அவள் கணவருமே காவல் இருந்தார்கள். இரவு இரண்டு மணி வரை அவர். இரண்டிலிருந்து விடியும்வரை அக்கா. பகலில் இருவருக்கும் படுக்க நேரம் கிடையாது. அவள் தையல் கம்பெனிக்குப் போக வேண்டும். அவருக்கு வேலி, தீவனம், தண்ணீர். தட்டில் கை வைத்தபடியே அவர் தூங்கிப்போவாராம். அவள் ஒருநாள் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் தேடியிருக்கிறாள். சண்டை போடக்கூடத் தெம்பில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று என்பதுகூட இருவருக்கும் நினைவில்லை.

ஆனால் திருட்டு நின்றது. நாய்களும் பட்டிக்குள் வரவில்லை. மூன்று வாரம்... ஒரு ஆடுகூடக் குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெல்டர் பட்டிக்குப் புது இரும்புக் கதவு செய்து எடுத்துக்கொண்டு போனான். மாட்டி முடிக்க இருட்டிவிட்டது. இரவு அங்கேயே தங்கினான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இப்பல்லாம் ஒண்ணும் வர்றதில்லையா மாமா?" என்று கேட்டான்.

"எல்லாம் உங்க அக்கா புண்ணியம். ரெண்டு மணி ஆனா டாண்ணு வந்து நிப்பா. 'நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்'ம்பா. டார்ச்ச மட்டும் நேரா என் கண்ணுல அடிப்பா. மூஞ்சியே தெரியாது."

அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"நான் எப்பங்க வந்தேன்?"

"என்னடி கேக்கற? தினமும்தான வர்ற."

"நான் பின்கதவத் திறந்து ரெண்டு அடி வைக்கறதுக்குள்ள நீங்கதான பட்டியில இருந்து குரல் குடுப்பீங்க. 'நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்'னு. நானும் சரின்னு திரும்பி வந்து பின் ரூம்லயே படுத்துடுவேன். மூணு வாரமா நான் பட்டிப் பக்கமே போகலை."

அவர் மெதுவாகத் தட்டைத் தள்ளி வைத்தார். "ரெண்டு மணிக்கு நான் வாசல் வழியா வந்து முன் ரூம்ல படுத்துடுவேனே... அப்ப பட்டியில நிக்கறது யாரு?"

குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

கடைசியில் அக்காதான் வாயைத் திறந்தாள். "யாரா இருந்தா என்னங்க... ஆடு பத்திரமா இருக்கில்ல."

அந்த இரவில் தனக்கு முதலில் உதறல் எடுத்தது இதைக் கேட்டுத்தான் என்றான் வெல்டர். அவள் குரலில் பயமே இல்லை. பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா...

அன்று யாரும் காவலுக்குப் போகவில்லை. பட்டித் தரையில் போடுவதற்காக வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை, பின்வாசல் படியிலிருந்து பட்டியைச் சுற்றிலும் அவர் கெட்டியாகத் தூவினார். எது வந்தாலும் தடம் விழும். பிறகு இரண்டு கதவுகளையும் உள்ளே தாழிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு, பின்கதவில் முதுகைச் சாய்த்து மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஒரு மணிக்குத் தூரத்தில் நாய்கள் ஊளையிட்டன. ஒன்றரைக்கு ஊளை நெருங்கி வந்தது... இரண்டு மணிக்கு அக்காவின் கையில் இருந்த செல்போன் அலாரம் அடித்தது. அவள் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பட்டிக் கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது. புதுத் தாழ்ப்பாள்... சாயங்காலம் அவனே மாட்டியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். ஆடுகள் மிரளவில்லை. படுத்திருந்தவை எழுந்து வழிவிடுகிற மாதிரி ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். வேலிப் பக்கம் நாய்களின் உறுமல். உடனே ஒரு நாய் வீறிட்டது. அந்தச் சத்தம் பாதியில் அறுந்தது. மற்றவை தலைதெறிக்க ஓடுவது கேட்டது.

பிறகு ஒரு வாடை. ஈர ரோமம், வியர்வை, வெயில் காணாத தலையணை... கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அதற்குப் பின் குரல். கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில்.

"படுங்க ரெண்டு பேரும்... நான் பாத்துக்கறேன்."

ஆண் குரலா, பெண் குரலா என்று நான் கேட்டேன். வெல்டர் ரொம்ப நேரம் யோசித்தான். "அசந்துபோன ஆளோட குரல்டா" என்று மட்டும் சொன்னான்.

அதைக் கேட்டு அவர்கள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தூங்கிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே, கதவில் சாய்ந்தபடி, ஐந்து நிமிடத்தில் குறட்டை. இவன் மட்டும் கண்ணை மூடாமல் விடியும்வரை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்போது அவர்கள் அங்கே இல்லை. அந்த மாதமே ஆடுகளை விற்று, வீட்டையும் பூட்டிவிட்டு வந்துவிட்டார்கள். யாராவது கேட்டால் நாய்த் தொல்லை என்பார்கள். விடிந்தபின் வெல்டர் பார்த்தது அவர்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது... எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும்.

கதவைத் திறந்தார்கள். வெளியே வெள்ளையாகச் சுண்ணாம்பு. நாய்த் தடங்கள் வேலி வரை வந்து திரும்பியிருந்தன. வெளியிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. ஆனால் வெறுங்கால் தடங்கள் இருந்தன. அவர்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த கதவின் படியிலிருந்து தொடங்கி, பட்டிக்குப் போய், பட்டியைச் சுற்றி... சுற்றி... சுற்றி... நூறு சுற்று இருக்கும். கதவருகே குரல் கேட்டதே, ஆனால் திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

இடது கால் பெரிது. வலது கால் சிறிது.

அக்காவின் கணவர் செருப்பைக் கழற்றினார். இடது காலைப் பெரிய தடத்தில் வைத்தார். விரலுக்கு விரல் பொருந்தியது. பக்கத்தில் இருந்த சின்னத் தடத்தையே அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வலது காலை மெதுவாக அதில் வைத்தாள்.

அதுவும் பொருந்தியது.